வாசலில் கோல்ஃப் மைதானம்: வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வட்டக்கச்சிக்காரன் சொல்வது

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கு இப்போது ஒரு புது ஆசை வந்திருக்கிறது. முன்பு ஊருக்கு வந்தால் தென்னங்காணி, மாட்டுப்பண்ணை என்று விசாரிப்பார்கள். இப்போது அமெரிக்காவில் கோல்ஃப் கழகத்தோடு சேர்ந்த வீடு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒருவர் ஒருபடி மேலே போய், எங்கள் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துப் பக்கம் அப்படி ஒன்று போட்டால் என்ன என்றும் கேட்டார். நான் கோல்ஃப் விளையாடுகிறவன் இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் புளோரிடாவில் அண்ணனின் மகள் அப்படியான ஒரு இடத்தில்தான் இருக்கிறாள். மார்கழியில் போய் ஆனி மழை தொடங்கும்வரை அங்கே இருந்தேன். அதனால் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இடம் வடிவுதான், அதில் குறை சொல்ல முடியாது. வளைந்து போகும் வீதி, அரச பனை வரிசை, ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் பச்சைப் புல்வெளி அல்லது குளம். உள்ளே போக ஒரு வாசல் இருக்கிறது. குடியிருப்பவர்களின் காரில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பார்த்ததும் தடை தானாக உயரும். விருந்தாளி என்றால் காவலாளி பெயர் கேட்டு, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அடையாள அட்டையைப் படம் பிடிப்பார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வெயிலில் நின்று பை அவிழ்த்துக் காட்டிய எனக்கு அந்தத் தடையைக் கண்டாலே கை சட்டைப் பைக்குத்தான் போகும். பெறாமகள் சிரிப்பாள். "சித்தப்பா, இது எங்களை வெளியே விடாமல் இருக்க இல்லை, மற்றவர்களை உள்ளே விடாமல் இருக்க" என்றாள். சரி, அதற்குத்தான் காசு கட்டுகிறார்கள்.

என்னை மயக்கியது வீடு இல்லை, தண்ணீர்தான். விடிய முதல் எழும்புகிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆறு மணிக்குப் பின்வாசல் கதிரையில் இருந்தால் புல் வெட்டுகிற ஆட்கள் விளக்கோடு வந்துவிடுவார்கள். பந்தை உருட்டி விழுத்துகிற குழி இருக்கிற இடத்தைக் கிரீன் என்கிறார்கள். அதில் புல்லின் உயரம் மூன்று மில்லிமீற்றர் அளவுதான், அதையும் நாளாந்தம் வெட்டுவார்கள். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், உலகம் முழுக்க அதே அளவு. ஒரே இடத்தில் வைத்தால் சுற்றிவர மிதிபட்டுப் புல் செத்துவிடும் என்று, ஒருவர் காலையில் வட்டமான வெட்டும் கருவியோடு வந்து வேறு இடத்தில் குழி எடுத்து, எடுத்த மண்கட்டியைப் பழைய குழிக்குள் இறுக்கிவிட்டுப் போவார். பழைய குழி இருந்த இடத்தைக் குனிந்து தேடினால்தான் தெரியும். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, குவாத்தமாலாக்காரர் ஒருவர் மண்ணின் ஈரம் பார்க்கிற கம்பியை என் கையில் தந்து குத்திப் பார்க்கச் சொன்னார். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. ஆனால் ஈரம் காணாத இடத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையால் காட்டினோம்.

கிரீனுக்குக் கீழே வயல் மண் கிடையாது. ஒரு அடி ஆழத்துக்கு மணல், அதற்குக் கீழே நாலு அங்குலச் சரளை, அதற்குக் கீழே வடிகால் குழாய். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. நிற்காததால் அடிக்கடி ஊற்றவும் வேண்டும். ஊற்றுவது பெரும்பாலும் நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுத்த தண்ணீர். அந்தக் குழாய்களுக்கும் மூடிகளுக்கும் ஊதா நிறம் அடித்து, குடிக்க வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தண்ணீர் குளத்துக்கு வந்து, அங்கிருந்து இரவில் தெளிகருவிகளுக்குப் போகும். எந்தத் தெளிகருவி எத்தனை நிமிடம் என்பதைப் பொறுப்பதிகாரி கைத்தொலைபேசியிலேயே மாற்றுகிறார். குளத்து மதகைத் திறக்கிற துருசுச் சாவிக்கு மூன்று பேர் சண்டை பிடித்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. குளத்தில் முதலை உண்டு. தீனி போடுவது சட்டப்படி குற்றம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரணைமடுக்காரனுக்கு முதலை ஒரு புதினமா!

இனி, எங்கள் வன்னியில், இரணைமடுப் பக்கம் போடலாமா என்ற கேள்வி. கணக்கைப் பார்ப்போம். 18 குழியும் அவற்றுக்குப் போகிற நீண்ட புல்வெளிகளும் உள்ள மைதானம் ஒன்றுக்கு 150 ஏக்கர் அளவு வேண்டும். அதில் 100 ஏக்கர் புல்லாக வைத்துப் பராமரிக்க வேண்டியது. எங்கள் சோளகக் காற்றுக்கும் வெயிலுக்கும் வாரத்துக்கு ஒன்றரை அங்குலமாவது விடாமல் அந்தப் புல் பச்சையாக நிற்காது. அப்படியென்றால் வாரத்துக்குப் பன்னிரண்டரை ஏக்கர் அடி. ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். வைகாசியில் இருந்து புரட்டாதிவரை இருபது வாரம் என்று வைத்தால் 250 ஏக்கர் அடி. நெல்லுக்குக் கோடைச் சிறுபோகத்தில் ஏக்கருக்கு நாலு, ஐந்து ஏக்கர் அடி போகும். ஆக, ஏக்கருக்கு ஏக்கர் பார்த்தால் கோல்ஃப் புல் நெல்லைவிடக் குறைவாகத்தான் குடிக்கிறது. பலர் நினைப்பதற்கு எதிர்மாறான சங்கதி இது. ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் மட்டுமட்டு என்றால் சிறுபோகத்தின் பரப்பைக் கமக்காரர் கூட்டத்தில் குறைக்கலாம். இரணைமடுவின் கீழ் அப்படிக் குறைத்த ஆண்டுகள் உண்டு. அங்கத்துவக் காசு கட்டினவனிடம் போய் இந்த வருஷம் ஒன்பது குழிதான் பச்சை என்று சொல்ல முடியுமா? அந்த 250 ஏக்கர் அடியில் ஐம்பது ஏக்கர் சிறுபோகம் விளையும். இரணைமடுவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்கே எங்கள் கமக்காரர் எவ்வளவு எதிர்ப்புக் காட்டினார்கள் என்பது தெரியும்தானே. கிளிநொச்சிப் பட்டினத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தருகிற காலம் வந்தால் மறுபடி கதைக்கலாம்.

காசுக்கு வருவோம். விளம்பரத்தில் இருப்பது வீட்டு விலை மட்டும். அதற்கு மேல் கழகத்தில் சேரும் கட்டணம் தனி. அது கழகத்துக்குக் கழகம் பல ஆயிரம் டொலரில் தொடங்கி, பெயர் போன இடங்களில் லட்சங்களுக்குப் போகும். சேர்ந்த பிறகு ஆண்டுச் சந்தா. பெறாமகளுடைய வீட்டில் அது மட்டும் 20,000 டொலருக்குக் கிட்ட வருகிறது. அதை விட வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கு மாதக் கட்டணம். வாசல் காவல், வீதி விளக்கு, புல்வெட்டு எல்லாம் அதற்குள் அடங்கும். இதற்கும் மேலே, புளோரிடாவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இப்படியான குடியிருப்புகளுக்குத் தனி அபிவிருத்தி மாவட்டம் அமைக்கிறார்கள். வீதி, வடிகால் போடக் கடன்பத்திரம் விற்று வாங்கிய கடனை வீட்டுக்காரரின் ஆதனவரிப் பத்திரத்தோடு சேர்த்து ஆண்டாண்டாக அறவிடுவார்கள். எல்லாக் குடியிருப்பிலும் அது இல்லை. இருக்கிறதா, இன்னும் எவ்வளவு பாக்கி என்று வாங்க முதலே கேட்க வேண்டும். பெறாமகளின் கணவர், என் மருமகன், படித்த மனுசன், மயக்கமருந்து வைத்தியர். அவருக்கே முதல் வரிப் பத்திரம் வந்தபோதுதான் இது முழுக்க விளங்கியதாம்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், அங்கத்துவம் கட்டாயமா விருப்பமா என்பது. சில இடங்களில் வீட்டை வாங்கினால் கழகத்திலும் சேர்ந்தே ஆக வேண்டும், பத்திரத்திலேயே எழுதியிருக்கும். எங்கள் கமக்காரர் அமைப்பில் வாய்க்கால் துப்புரவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று தீர்மானித்தால் எல்லோரும் கட்டத்தானே வேண்டும். அதே மாதிரிதான், தொகைக்குப் பின்னால் சைபர்தான் அதிகம், அவ்வளவே. முழங்கால் தேய்ந்து மட்டையைத் தூக்க முடியாமல் போனாலும் சந்தா நிற்காது. வீட்டை விற்றால்தான் விடுதலை. 2008 வீட்டு விலைச் சரிவுக்குப் பிறகு இப்படிக் கட்டாய அங்கத்துவம் உள்ள வீடுகளைத் தட்டிவிட முடியாமல் கிழவன் கிழவிகள் அடிமாட்டு விலைக்கு விற்ற கதைகளைப் பெறாமகளின் அயலவர் ஒருவர் கதை கதையாகச் சொன்னார். கொரோனாக் காலத்தில் நிலைமை தலைகீழாகி, கழகங்களில் சேரக் காத்திருப்போர் பட்டியல் வந்தது. இந்த ஏற்ற இறக்கம் தெரியாமல் இன்றைய விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கழக உணவகத்தில் மூன்று மாதத்துக்கு இவ்வளவு காசுக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. சாப்பிடாவிட்டாலும் அது பில்லில் வரும். அதனால் பங்குனிக் கடைசியில் உணவகத்தில் இடம் கிடைக்காது. எல்லோரும் மிச்சக் காசைச் சாப்பிட்டு முடிக்க வந்துவிடுவார்கள். நான் மரக்கறிக்காரன். எனக்கு அவர்கள் வைத்திருந்தது கறுப்பு அவரைப் பருப்பில் செய்த ஒரு வட்டமான கட்லட்டும் ஒரு சலாதும்தான். கட்லட்டில் உப்புமில்லை, உறைப்புமில்லை. கழுத்துப்பட்டி இல்லாத சேர்ட்டோடு போனால் விடமாட்டார்கள், ஜீன்ஸும் கூடாது. எனக்குத் திணைக்களச் சேர்ட்டுகள் இருந்தன, பிழைத்தேன். பரிமாறுகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். மூன்றாம் முறை போனபோது கேட்காமலேயே மிளகாய்த் தூள் கொண்டுவந்து வைத்தார்கள்.

அங்கே இருந்து வாழ்வது எப்படி? பகலில் சத்தமே இல்லை. மைதானத்து ஓரப் பாதையில் நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். விளையாட்டு நடக்கும் நேரத்தில் நடக்க விடமாட்டார்கள், வீதியில்தான் நடக்க வேண்டும். 150 ஏக்கர் பச்சையைக் கண்ணால் மட்டும் அனுபவிக்கிற வாழ்க்கை. முன்வளவில் முருங்கை நட அனுமதி கிடையாது, எந்த மரம், எந்த நிறப் பூச்சு என்பதெல்லாம் சங்கம்தான் தீர்மானிக்கும். பின்வளவுச் சட்டியில் கறிவேப்பிலை மட்டும் தப்பியிருக்கிறது. சித்திரைக்குப் பிறகு, குளிருக்குத் தப்பி வடக்கில் இருந்து வந்த சனம் திரும்பிப் போய்விடும். வீதியில் பாதி வீடுகள் பூட்டு. மழை தொடங்கினால் பின்னேரம் இடி மின்னல், சங்கு ஊதி விளையாட்டை நிறுத்துவார்கள். சேர்ந்து கதைக்கத் தமிழ் வீடு ஒன்றும் கிட்ட இல்லை. கோயிலுக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை.

மருமகன் கிழமையில் இரண்டு நாள் விளையாடுகிறார். 18 குழியும் முடிக்க நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஆனால் திரும்பி வரும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரித் தொலைபேசி இல்லாத நாலு மணித்தியாலம் அவருக்கு அவ்வளவு பெறுமதி. அந்த ஒருவருக்கு அந்தக் காசு தகும். பெறாமகளும் பிள்ளைகளும் பாவிப்பது நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் மட்டும்தான். அதற்கென்றே சமூக அங்கத்துவம் என்று குறைந்த சந்தாவில் ஒன்று பல கழகங்களில் இருக்கிறது. விளையாட ஆள் இல்லாத வீட்டுக்கு முழு அங்கத்துவம் வாங்குவது வீண்செலவு.

விளையாட்டுப் பிடிக்குமா என்று பார்க்க அமெரிக்கா போகத் தேவையும் இல்லை. கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல் கழகம் இருக்கிறது, களனிவெளி ரயில் மைதானத்துக்கு நடுவால் போகும். நுவரெலியாவில் ஒன்று, அம்பாந்தோட்டையில் ஒன்று. கண்டிக்குக் கிட்ட திகணையில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இருப்பதில் வீடுகளும் உண்டு. ஒரு தரம் கட்டணம் கட்டி விளையாடிப் பார்த்துவிட்டு ஆசைப்படலாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மைதானத்தைப் பார்த்த வீடு வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். வலக்கைக்காரர் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் விலகும். அடி தொடங்கும் இடத்தில் இருந்து இருநூறு யார் தூரத்தில், வலப்பக்கத்து வீடுகளில்தான் யன்னல் உடையும். பெறாமகளின் வீடு அப்படியான ஒன்று. பின்வளவில் பொறுக்கிய பந்துகளைச் சின்னவன் வாளியில் சேர்த்து வைத்திருக்கிறான். உடைந்தால் யார் பொறுப்பு என்பது பத்திரத்தில் இருக்கும், பல இடங்களில் வீட்டுக்காரர் தலையில்தான் அது. இடப்பக்கம் அல்லது கிரீனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இருக்கும் வீடு பாருங்கள். அப்புறம், சங்கத்தின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுக் கூட்ட அறிக்கைகளையும் சேமநிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2022 செப்டெம்பரில் இயன் சூறாவளி புளோரிடாவின் தென்மேற்குக் கரையைப் போட்டு அடித்தது. சேமநிதி போதாத சங்கம் என்றால் கூரைக்கும் மதிலுக்கும் வீட்டுக்காரர்களிடம்தான் விசேட அறவீடு கேட்கும். அடுத்த சூறாவளிக்குக் கையிருப்பு எவ்வளவு என்று தரகரிடம் கேட்காதீர்கள், சங்கத்துச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.