மருத்துவர் இல்லத்துக்கு வருவதா, நாம் ஜிப்மருக்குப் போவதா?

கடலூரில் முதியோர் இல்லமொன்றில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 81 வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி. மாதாமாதம் எனக்கு இதே கேள்விதான்.

புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் அரசு மருத்துவமனையில் எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆனால் அது இருக்கும் கோரிமேடு இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். விடியுமுன் எழுப்ப வேண்டும்; சாப்பிடாமல் கிளம்பினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வழியெல்லாம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாவம். இல்லத்தில் பகலில் இரண்டே பணியாளர்கள். ஒருவர் துணைக்கு வந்துவிட்டால் மற்றவர்களை யார் பார்ப்பது? முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வரிசை வரை போய்ச் சேருவதே அவருக்குப் பெரும்பாடு.

இல்லத்துக்கே வரும் மருத்துவர் தட்டில் மீந்த சோற்றையும் தலையணைக்கடியில் கிடக்கும் மாத்திரையையும் பார்க்கிறார். ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் பெரியம்மா விழுங்கிவந்தது அப்படித்தான் தெரிந்தது. எனக்கு நெஞ்சே பதறிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. இல்லம் நடத்துபவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு நான் இல்லத்தையே தேர்ந்தெடுப்பேன். கண்புரை, ஸ்கேன் என்றால் மருத்துவமனைதான். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ யாருக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.