வாழ்வாதார உதவி என்று சொல்லி விபரம் திரட்டுவோர் குறித்து அவதானம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி வழங்குவதாகக் கூறி, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடு வீடாக விபரம் திரட்டுவோர் பற்றி, எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை முன்வைத்து எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வந்த ஓர் அமைப்பினர், பெரியம்மாவின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தையும், 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட மகனின் புகைப்படத்தையும் கைபேசியில் படமெடுத்ததோடு, மகனின் தோளிலிருந்த தழும்பைப் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டனர். உதவி எதுவும் வரவில்லை. சில மாதங்களின் பின் அழைத்த ஒருவர், மகனின் பெயரையும் தழும்பையும் பிசகாமல் சொல்லி, அவர் தெற்கில் ஓரிடத்தில் தடுத்து வைக்கப்பட்டிருப்பதாகவும், மீட்பதற்குப் பணம் தேவையென்றும் கூறினார். தழும்பைச் சொன்னவரை ஒரு தாய் எப்படி நம்பாதிருப்பார்? நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் போய்விட்டது. அதைவிடக் கொடியது, மகன் உயிரோடிருக்கிறான் என்ற நம்பிக்கையைக் கொடுத்துப் பறித்தது. துண்டிக்கப்பட்ட அந்த இலக்கத்துக்கு அவர் இன்றும் அழைத்துப் பார்க்கிறார்.

அமைப்பினரிடம் கேட்டபோது, பட்டியல் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டதாகவும், அதன்பின் யார் கைக்குச் சென்றதெனத் தெரியாதென்றும் கூறிவிட்டனர். தேர்தல் நேரத்தில் பெரியம்மாவின் பெயரையும் மகனின் பெயரையும் குறிப்பிட்டு வாக்குக் கேட்ட குறுஞ்செய்தியும் வந்தது. பேஸ்புக் பயனர் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையானோரின் விபரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற தேர்தல் பிரசார ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது 2018இல் வெளிப்பட்டபோதும், வாக்காளரை இலக்கு வைக்கத் தனிப்பட்ட தகவல் பயன்படுவதே பெரும் கேள்வியாக எழுந்தது. எங்கள் மண்ணில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியோரப் போராட்டம் நடத்திவரும் தாய்மார் யார், அவர்களின் வீடு எங்கே என்பதெல்லாம் ஒரே பட்டியலில் இருந்தால், அது கண்காணிப்பவர்களுக்கும் பயன்படும்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பிறந்த ஆண்டும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே உள்ளன. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருந்தும், அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பின்போடப்பட்டன. ஆகவே விபரம் கேட்டு வருபவரிடம் அமைப்பின் பதிவையும் பிரதேச செயலகத்தின் அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள். கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தும் வரை எதையும் படமெடுக்க விடாதீர்கள். உடல் அடையாளங்களை எவருக்கும் தொலைபேசியில் சொல்லாதீர்கள். இத்தகைய அழைப்பு வந்திருந்தால், இலக்கத்தையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் அழிக்காமல் வைத்து, பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், நாங்களும் செய்துள்ளோம்.