புளியரையில் 3 கிலோவாட்: சூரியத் தகடும் அதற்கு வாங்கிய கடனும்

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளை ஏற்றி ஓராண்டு முடிந்துவிட்டது. "புளியரையில் வெயிலை நம்பி யாராவது கடன் வாங்குவார்களா?" என்று என் மனைவி அப்போதே கேட்டாள். நியாயமான கேள்விதான். கேரள எல்லையில் உள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் இறங்கினால் பத்து நாள் துணி காயாது. பங்குனியில் நாளுக்கு 13 யூனிட் காட்டிய இன்வெர்ட்டர், சாரலில் 4 யூனிட்டுக்கு இறங்கியது. ஆனாலும் ஆண்டு முழுவதற்கும் 3,500 யூனிட் வந்திருக்கிறது. தகடுகளில் எனக்குக் குறையே இல்லை.

கடனும் நல்ல கடன். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய். மீதிக்கு வங்கி, நகையோ பத்திரமோ கேட்காமல் கொடுத்தது. கோபமெல்லாம் பொருத்திய நிறுவனத்தின் மேல்தான். மின்வாரியத்துக்கு நாம் அனுப்பும் மின்சாரத்தையும் அங்கிருந்து வாங்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கு இரண்டு மாதம் அலைய விட்டார்கள். தகடுகள் சும்மா கிடக்க, தவணை மட்டும் ஓடியது. மின்தடை வந்தால் தகடுகளின் மின்சாரமும் நின்றுவிடும் என்பதையும் சொல்லவில்லை. நம் மின்சாரம் கம்பிக்குப் போய்விடாமல், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு என்பதைப் பிறகு நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது. யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு என்று வைத்தால், என் மாடி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை டன்னைத் தடுக்கிறது. ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரியே சுமார் 2 டன்தான். கணக்குப் போட்ட அன்று மனம் நிறைந்தது.

அதே வாரம் என் அக்காள் மகன் டிப்பர் லாரிக்குக் கடன் வாங்கினான். "மாமா, எனக்கும் உங்கள் வங்கி மேலாளர்தான் கையெழுத்துப் போட்டார்" என்றான். கேரளத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு தினமும் கணவாய் ஏறுகிறான். அவனை நம்பி நான்கு குடும்பங்கள் பிழைக்கின்றன. அவனை எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் என் தகடு தடுப்பதை அவனுடைய டீசல் சில வாரங்களிலேயே கரைத்துவிடும். நாட்டின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. 2005க்கும் 2020க்கும் இடையில் ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் நாடு வெளியிடும் புகை 36 சதவீதம் குறைந்தது. உற்பத்தி அதைவிட வேகமாக வளர்ந்ததால் மொத்தப் புகை கூடியது. 2015 முதல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கடன், வங்கிகள் கட்டாயமாக ஒரு பங்கு கடன் தர வேண்டிய முன்னுரிமைக் கடன் பட்டியலில் இருக்கிறது. அது போதாது. பழைய டீசல் வண்டியை மாற்ற வருகிறவனுக்கும் என் வட்டியிலேயே கடன் கிடைக்க வேண்டும்.

தகடு வாங்க நினைப்பவர்கள் நெட் மீட்டர் பொருத்தும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பங்குனிக் கணக்கைக் காட்டி விற்பவரிடம் ஆடிக் கணக்கையும் கேளுங்கள்.