இரவில் கண் தெரியாத கமரா: காசு கொடுக்க முதல் ஒருக்கா வாசியுங்கோ

கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாப் பக்கம் வாகனம் நிற்கும் வளவுக்குக் கமரா பூட்ட யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்குக் கமரா பூட்டித் தந்த கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையை அந்த ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று நான் நினைக்கவும் இல்லை.

எங்கட வளவு ஏ9 வீதிக்குக் கிட்ட. தருமபுரம், விசுவமடு, அக்கராயனில் இருந்து வருகிறவர்கள் காரையோ வானையோ எங்களிடம் விட்டுவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்புக்குப் போவார்கள். இரவுக்கும் சேர்த்துத்தான் பொறுப்பு. அதனால் நாலு கமரா, படத்தைப் பதிந்து வைக்கும் ஒரு டிவிஆர் பெட்டி, பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கிட்டச் செலவழித்தேன்.

பூட்ட வந்த பெடியன் பகல் பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கினான். திரையைப் போட்டுக் காட்டும்போது, கமராவுக்குக் கீழே நின்ற மகளின் சட்டைப் பூக்களை எண்ணலாம் போல இருந்தது. "இரவிலயும் இப்பிடித்தான் அண்ணை, 30 மீற்றர் பிடிக்கும், யோசிக்காதேங்கோ" என்றான். நாலு மணிக்கு முழுக்காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பொழுதுபட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளி இரவு, ஒரு பிக்கப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்ற காரின் கதவை நசுக்கிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டது. கார்க்காரர் திங்கள் காலை வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கமரா இருக்குத்தானே ஐயா" என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தால், பிக்கப் தெரிகிறது, இடிப்பதும் தெரிகிறது. இலக்கத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம்.

பிறகுதான் விசாரித்து விளங்கிக்கொண்டேன். இரவில் இந்தக் கமராக்கள் கறுப்பு வெள்ளைக்கு மாறி, எங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்துத்தான் படம் எடுக்கின்றன. எங்கட இலக்கத் தகடுகளோ வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அடிப்பவை. இருட்டு வளவுக்காகக் கமரா கண்ணை அகல விரித்து வைத்திருக்க, தகடு மட்டும் எரிந்து வெளுத்துப்போகிறது. "30 மீற்றர்" என்றால் அந்த ஒளி போய்ச் சேரும் தூரம். இலக்கம் வாசிக்கும் தூரம் இல்லை.

லென்ஸ் அதைவிடப் பெரிய பிழை. நாலும் 2.8 மில்லிமீற்றர். அது முழு வளவையும் ஒரே படத்தில் காட்டும், வாங்குகிறவனுக்கும் நல்ல சந்தோஷம். ஆனால் எங்கட கேற் 15 மீற்றர் தூரம். அந்தத் தூரத்தில் படத்தின் அகலம் 35 மீற்றருக்குக் குறையாது. படத்தின் குறுக்கே இருக்கும் 1920 புள்ளியை அதில் பரப்பினால் மீற்றருக்கு 55 புள்ளி கிடைக்கும். ஒன்றரை அடித் தகட்டுக்கு 25 புள்ளி. அதில் ஏழு எழுத்தை எப்படி வாசிப்பது? முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காணவே மீற்றருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது இந்தத் துறையின் கணக்கு.

இன்னொரு கமராவைத் தகரத் தாழ்வாரத்துக்குள் ஒட்டினாற்போல் பூட்டியிருந்தான். ஒளி தகரத்தில் பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் புகை. போதாததற்குச் சிலந்தி வலை வேறு.

"ஒரு மாதம் நிக்கும்" என்ற பதிவும் பொய். 500 ஜிபி ஹாட்டிஸ்க். ஒரு கமரா செக்கனுக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 43 ஜிபி. நாலுக்கும் மூன்று நாளில் பழையது அழிந்துவிடும். கார்க்காரர் செவ்வாய் வந்திருந்தால் அந்த வெள்ளைச் சதுரத்தைக்கூடக் கண்டிருக்க மாட்டோம்.

கடைக்கு எடுத்தேன். "அது கமராவின்ர குணம் அண்ணை, வொறன்ரிக்குள்ள வராது" என்றார்கள். பில்லில் "4 கமரா செட்" என்று ஒரே வரி. லென்ஸும் இல்லை, ஹாட்டிஸ்க் அளவும் இல்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தாலும் எதைக் காட்டி முறையிடுவது? நீங்கள் வாங்கினால் இவற்றையெல்லாம் பில்லில் எழுதுவியுங்கோ. கடைசிப் பங்குக் காசை இரவு எட்டு மணிக்கு, ஒரு வாகனத்தைக் கேற்றால் ஓட்டிப் பார்த்து, தகடு வாசித்த பிறகு கொடுங்கோ.

கதவு திருத்தப் பாதிக்காசு நான் கொடுத்தேன். கேற்றுக்கு மட்டும் 2.8இல் இருந்து 12 வரை மாற்றக்கூடிய லென்ஸ் உள்ள கமராவை வேறு ஆளிடம் வாங்கி, கேற் மட்டும் கிட்டத் தெரிய 12இல் வைத்து, தகடு வெளுக்காமல் இருக்க ஷட்டரையும் வேகமாக்கினேன். இப்போது வளவு கறுப்பாகத் தெரிகிறது, இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. மற்ற மூன்றும் இன்னும் அங்கேதான் தொங்குகின்றன. வேணுமெண்டால் வந்து பாருங்கோ, ஆனால் இருட்டின பிறகு வாங்கோ.