சான் அன்டோனியோ ஞாயித்துக்கிழமை: ரிவர் வாக்கா, மிஷன் ரீச்சா?

டெக்சாஸ்ல, ஹூஸ்டன்ல இருந்து மூணு மணி நேரம் ஓட்டிட்டு சான் அன்டோனியோ போற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு ரிவர் வாக்கோட திரும்பிடுவாங்க. நானும் மொத ரெண்டு தடவை அப்படித்தான். மூணாவது தடவை தெற்குப் பக்கம் மிஷன் ரீச் போனேன், இனிமே நமக்கு அங்கதான்.

ரிவர் வாக் மோசம்னு சொல்லல. ரோட்டுக்குக் கீழ இறங்கினா ஆறு, பெரிய பெரிய சைப்ரஸ் மரம், மத்தியானத்துலயும் நெழல். கொஞ்சம் தள்ளி மார்க்கெட் ஸ்கொயர்ல 1941ல ஆரம்பிச்ச மி தியெர்ராங்கற மெக்சிகன் ரெஸ்டாரன்ட் இருக்கு, பேக்கரி கவுன்ட்டர்ல கோன்ச்சா பன்னாவது வாங்கிடுங்க. ஆனா ஆத்தோரம் மேசை போட்ட ஒரு கடையில நாப்பது நிமிஷம் காத்திருந்து ஆறிப்போன என்சிலாடா (சாஸ் ஊத்தின மெக்சிகன் ரொட்டிச் சுருள்) தின்னேன், பார்க்கிங் காசு தனி.

மிஷன் ரீச் அதே ஆறுதான். வெள்ளத் தடுப்புன்னு நேர்கோடா வெட்டி சாக்கடை மாதிரி ஆக்கி வச்சிருந்தத திரும்ப வளைச்சு, புல்லு மரம் வச்சு, 8 மைல் தூரத்தை 2013ல முடிச்சாங்க. சைக்கிள் பாதையிலயே நாலு பழைய மிஷன் (ஸ்பெயின்காரங்க காலத்து கிறிஸ்தவ மடம்), 2015ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது, பார்க்கிங் ஃப்ரீ.

ஒரே சிக்கல் வெயில். வச்ச மரமெல்லாம் இன்னும் சின்னது, பத்து மணிக்கு மேல மண்டை காயும். அப்புறம் ஏன் இதச் சொல்றேன்னா, இந்த ஏரியா சாப்பாடே உங்கள காலையில எழுப்பி விட்டுரும். இங்க மெக்சிகன் அமெரிக்கன் வீடுகள்ல ஞாயித்துக்கிழமைன்னா பார்பகோவா, அதாவது ராத்திரி முழுக்க வெந்த மாட்டுத் தலைக்கறி, பவுண்டு கணக்குல வாங்கிட்டுப் போவாங்க, லேட்டா போனா காலி. நாங்க ஏழரைக்கு வரிசையில நின்னோம், ஃபாயில் பொட்டலம் மடியில சுட, கூட சிவப்பு கலர் பிக் ரெட் சோடா (பபிள்கம் வாசனை, எனக்குப் பிடிக்கல, ஆனா அதுதான் ஜோடி), எட்டு மணிக்கு ஆத்தோரம் உக்காந்தாச்சு. கொக்கு ஒண்ணு ஒத்தக் கால்ல நிக்குது, ஆள் நடமாட்டமே இல்ல. டவுன்டவுன்ல அந்த நேரத்துக்கு பாதி கடை திறந்திருக்காது.

மாடு சாப்பிடாதவங்களுக்கு பீன்ஸ் சீஸ் டாகோ இருக்கு, அத மடிச்சுத் தர்ற மைதா டார்ட்டியா (மெக்சிகன் ரொட்டி) சூடா வந்தா நம்ம வீட்டு சப்பாத்திய மறந்துருவீங்க, ஆனா பீன்ஸ்ல "மந்தேகா" போட்டிருக்கான்னு கேட்டுக்கோங்க, பன்னிக் கொழுப்பு அது. பூரி மாதிரி உப்பின பஃபி டாகோ வேணும்னா மேற்குப் பக்கம் ரேஸ் டிரைவ் இன் (Ray's Drive Inn)ங்கற கடைக்குப் போகணும், அது ஆத்துக்கு ஒட்டின இடம் இல்ல.

கைக்குழந்தை, வயசானவங்க கூட வந்தா ரிவர் வாக்கே சரி, நெழலும் உண்டு, போட்டும் உண்டு. மிஷன் ரீச்ல கயாக் (துடுப்புப் போடுற சின்னப் படகு) விடுறாங்க, நான் ஏறினதில்ல. ஜூலை, ஆகஸ்ட்லயும் போனதில்ல, எனக்குத் தெரிஞ்சது மார்ச்தான். போறவங்க எஸ்படா மிஷன் பக்கத்துல அந்தக் கல் வளைவ விட்டுறாதீங்க, ஓடைக்கு மேல பாலம் மாதிரி கட்டி அதுமேல வாய்க்கால் விட்டிருக்காங்க, 1740கள்ல கட்டினது, தண்ணி இன்னும் ஓடுது.