குரோசான்ட்டுக்கு இடிக்கும் ஒரு மணி நேரம்: கம்யூனிட்டி காலேஜ் பேக்கிங் படிப்பு, இரண்டு செமஸ்டருக்குப் பிறகு

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் பேக்கிங் அண்ட் பேஸ்ட்ரி சர்ட்டிஃபிகேட் படிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கட்டணம், வெள்ளைக் கோட்டு, வழுக்காத ஷூ, சர்வ்சேஃப் என்ற உணவுப் பாதுகாப்புப் பரீட்சை எல்லாம் காலேஜ் இணையதளத்திலேயே கிடைக்கும். அங்கே கிடைக்காத ஒன்று, மாவு உப்புவதற்கு எவ்வளவு நேரம் தருவார்கள் என்பது.

லேப் ஐந்து மணி நேரம். அதில் முக்கால் மணி ட்ரே கழுவவும் தரை தேய்க்கவும் போய்விடும். மிச்சம் நாலேகால். வெண்ணெயை அடுக்கடுக்காக மடித்துச் சுடும் குரோசான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு முந்தின நாளே பிசைந்து ஃப்ரிட்ஜில் தூங்கியதுதான். ஆனாலும் வெண்ணெயை வைத்து மூடி மூன்று மடிப்பு, நடுநடுவே அரை மணி ஓய்வு என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். வெட்டிச் சுருட்ட அரை மணி, உப்ப இரண்டரை மணி, சுட 20 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 5 மணி 20 நிமிடம் வரும்.

இடிக்கிற அந்த ஒரு மணி நேரத்தை உப்பும் நேரத்தில்தான் கத்தரிப்பார்கள். சீக்கிரம் உப்பட்டும் என்று, மாவை உப்ப வைக்கும் சூட்டுப் பெட்டியான புரூஃப் பாக்ஸ் 95 டிகிரிக்கு ஏறும் (எல்லாமே ஃபாரன்ஹீட் கணக்கு). சாண்ட்விச் பிரெட்டுக்கு அது சரி. வெண்ணெயோ 80 தாண்டினாலே இளகி மாவுக்குள் ஊறத் தொடங்கும், 90-ஐ ஒட்டி உருகியே விடும். ட்ரே பேப்பரில் குரோசான்ட்டைச் சுற்றி மஞ்சளாக ஈரம் படர்ந்தால் அவ்வளவுதான். ஓவனுக்குள் போனதும் அடிப்பக்கம் தன் வெண்ணெயிலேயே பொரியும். வெட்டினால் உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள் இருக்காது, பன் மாதிரி பஞ்சாக இருக்கும். மாணவரோ தன் மடிப்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அதே மாவை 75-78-க்குள் வைத்திருந்தால் அடுக்கடுக்காக எழுந்திருக்கும்.

ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, டைம்டேபிள் அவர் போட்டதல்ல. சுருட்டியதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலை பேட்ச் சுடுவதும் உண்டு. அது இன்னும் மோசம். சுருட்டியவர் ஒருவர், சுட்டவர் வேறொருவர். எங்கே தப்பு நடந்தது என்று இருவருக்குமே தெரியாது.

பிரெட் பாடம் அப்படியில்லை. தண்ணீர் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்ற ஒரு கணக்கிலேயே கட்டிய காசு திரும்பிவிடும். பிசைந்த மாவு 76 டிகிரியில் முடிய வேண்டுமா? மூன்றால் பெருக்கினால் 228. அதில் அறைச் சூடு 72, மைதாவின் சூடு 70, மிக்ஸரின் உரசல் சூடு 26 மூன்றையும் கழித்தால் 60. தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். இதற்கப்புறம் 'வெதுவெதுப்பான நீர்' என்று எழுதும் சமையல் குறிப்புகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒன்று, அந்த 26 எல்லா மிக்ஸருக்கும் பொருந்தாது. வீட்டு மிக்ஸரில் ஒருமுறை பிசைந்து தெர்மாமீட்டரைக் குத்துங்கள். வந்த சூட்டை மூன்றால் பெருக்கி, அறை, மைதா, தண்ணீர் மூன்றின் சூட்டையும் கழித்தால் உங்கள் எண் கிடைக்கும்.

பிரெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. இருந்தும் இன்றைக்குக் கேட்டால், சேராதீர்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, அதுவும் மாலை பேட்சில். சேர்ந்தே தீருவேன் என்றால் லேபில் ரிடார்டர்-புரூஃபர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ராத்திரி முழுக்க 38 டிகிரியில் வைத்திருந்து, டைமர் சொன்ன நேரத்தில் தானாகவே 76-க்கு ஏறும் பெட்டி அது. அடுத்த லேபுக்கு நீங்கள் வரும்போது மாவு உப்பித் தயாராக இருக்கும். அட்மிஷன் கவுண்டரில் கேட்டால் விழிப்பார்கள். லேபுக்குள்ளேயே போய்க் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.