மேக் இன்ஸ்டாலுக்கு முன்னால் பிரிஃபிக்ஸ்: சில வருட அனுபவம்

2019 கடைசியில் என் லேப்டாப்பில் உபுண்டு 18.04 (ஒரு லினக்ஸ் வகை) இருந்தது. அதோடு வந்தது வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) கருவியின் 3.4 பதிப்பு. எனக்கு 4.2 தேவைப்பட்டதால் சோர்ஸ் கோடை இறக்கி நானே கம்பைல் செய்தேன், அதாவது ஓட்டக்கூடிய புரோகிராமாக மாற்றினேன். அதற்கு மூன்று கட்டளைகள்: கான்ஃபிகர் (அமைப்பைத் தீர்மானிக்க), மேக் (கம்பைல் செய்ய), சூடோ மேக் இன்ஸ்டால் (நிர்வாகி அனுமதியோடு ஃபைல்களை அவற்றின் இடத்தில் போட). ஷேர்டு லைப்ரரியும் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு) வேண்டும் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தேன், எந்த டைரக்டரியில் போடுவது என்று சொல்லும் பிரிஃபிக்ஸ் மட்டும் கொடுக்கவில்லை. எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் உள்ளே போனது. நன்றாக வேலை செய்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் 20.04-க்கு மாறினேன். அப்புறம்தான் பிரச்சினை. ஏவி1 (AV1) என்ற வடிவத்தில் உள்ள வீடியோ எதைத் திறந்தாலும் பிளேயர் படத்தைக் காட்டவில்லை. பிளேயரை இரண்டு முறை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், செட்டிங்ஸை அழித்துப் பார்த்தேன். இரண்டு மாலை நேரம் இதிலேயே போனது. கடைசியில், ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி (ldd) கட்டளையில் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பிளேயர் உபுண்டுவின் லைப்ரரியை எடுக்கவில்லை. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் நான் போட்டிருந்த பழையதை எடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. 18.04-இன் சொந்த லைப்ரரி லிப்ஏவிகோடெக்.எஸ்ஓ.57, என்னுடையது 58. பெயர் வேறு என்பதால் மோதல் இல்லை. 20.04-இல் உபுண்டுவும் 4.2 வரிசைக்கு வந்துவிட்டது, இப்போது இரண்டுக்கும் ஒரே பெயர். லைப்ரரி தேடும் பட்டியலில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்தான் முதலில் வரும், அதனால் என்னுடையது முந்திக்கொண்டது. நான் கம்பைல் செய்தபோது ஏவி1-ஐப் படமாக மாற்றும் டீகோடரைச் சேர்க்கவில்லை. மேக் அன்இன்ஸ்டால் அடிக்கலாம் என்றால் சோர்ஸ் டைரக்டரியை எப்போதோ அழித்திருந்தேன். ஃபைல்களைத் தேதி பார்த்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து எதை கம்பைல் செய்தாலும் எங்கே போடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறேன். மூன்று வழிகளை நீண்ட நாள் பயன்படுத்திவிட்டேன்.

முதலில் /யூஎஸ்ஆர்/லோக்கல். கம்பைல் வேலையை அமைத்துத் தரும் கருவிகளான ஆட்டோகான்ஃப், சிமேக், மீசான் மூன்றுக்குமே லினக்ஸில் இதுதான் இயல்பான இடம். எந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்று வகுக்கும் ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்டும் (2015-இல் வந்த 3.0 வரைக்கும்) இதை அந்தக் கணினியின் நிர்வாகிக்கு என்றே ஒதுக்கியிருக்கிறது, உபுண்டுவின் பேக்கேஜ்களைப் போடும் ஆப்ட் (apt) கட்டளை உங்கள் ஃபைல்களைத் தொடாது. பாத்தில் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியலில்) முன்னால் இருக்கிறது, ஜிசிசி கம்பைலர் ஹெடர் ஃபைல்களை இங்கேயும் தேடும். கையில் எந்த வேலையும் மிச்சம் இல்லை, வசதிதான். ஆனால் பின் (bin), லிப் (lib), ஷேர் (share) என்ற டைரக்டரிகளில் எல்லாருடைய ஃபைலும் ஒன்றாகக் கலந்துவிடும். எது எதனுடையது என்று எங்கேயும் பதிவு இல்லை. ஒரே ஒரு பைனரி உள்ள சின்னக் கருவி என்றால் இங்கே போடலாம். ஷேர்டு லைப்ரரி என்றால் நான் போடமாட்டேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே போர்ட்ஸும் (சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து போடுபவை) பேக்கேஜ்களும் /யூஎஸ்ஆர்/லோக்கலில்தான் இருக்கும். கையால் அங்கே போட்டால் பேக்கேஜின் ஃபைல்மேலேயே எழுதிவிட வாய்ப்பு உண்டு.

வெறும் /யூஎஸ்ஆர் என்று பிரிஃபிக்ஸ் கொடுப்பது? வேண்டவே வேண்டாம், அது உபுண்டுவின் சொந்த இடம்.

அடுத்தது ஹோம் டைரக்டரிக்குள் .லோக்கல். ரூட் அனுமதி இல்லாத ஒரு சர்வரில் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன், மனசுக்கு நிம்மதியான வழி. கெட்டுப்போனாலும் என் கணக்கோடு போகும். கிட் (git) கருவியைச் சோர்ஸிலிருந்து சும்மா மேக், மேக் இன்ஸ்டால் அடித்தால் அதுவே ஹோம் டைரக்டரியில் உள்ள பின் (bin) டைரக்டரிக்குள்தான் போகும் என்பது பலருக்குத் தெரியாது. குறை என்னவென்றால், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்ட ஸ்கிரிப்டுக்கு இந்த இடம் தெரியாது, சூடோ போட்டு ஓட்டினாலும் தெரியாது. முழுப் பாதையையும் எழுத வேண்டும். பைத்தான் பேக்கேஜ் கருவியான பிப் யூசர் ஆப்ஷனில் போடுவதும் இதே இடத்துக்கு வருவதால் இங்கேயும் கலப்படம்தான்.

இப்போது நான் நிலைத்து நிற்பது மூன்றாவது வழியில். /ஆப்ட் (/opt) கீழே, பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்த தனி டைரக்டரி. எஃப்எஃப்எம்பெக் 6.1-க்கு ஒன்று, 7.0-க்கு இன்னொன்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், சண்டை இல்லை. வேண்டாம் என்றால் ஒரே டைரக்டரியை அழித்தால் போதும்.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டைரக்டரியை மட்டும் சூடோ போட்டு உருவாக்கி, உரிமையை என் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறேன். மேக் இன்ஸ்டாலைச் சாதாரணப் பயனராகவே அடிக்கிறேன். அந்த டைரக்டரியைத் தாண்டி வேறெங்காவது எழுதப் பார்த்தால் உடனே அனுமதி இல்லை என்று நின்றுவிடும். எத்தனை முறை நின்றிருக்கிறது தெரியுமா? பாஷ் கம்ப்ளீஷன் ஃபைலையும் (டெர்மினலில் கட்டளையை நிறைவு செய்து தருவது) சிஸ்டம்டி யூனிட் ஃபைலையும் (பின்னணிச் சேவையை இயக்கச் சொல்வது) எங்கே வைப்பது என்று சில புராஜெக்ட்கள், லைப்ரரி விவரங்களைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியைக் கேட்கும். அது /யூஎஸ்ஆர் கீழே ஒரு இடத்தைச் சொல்லும். நாம் கொடுத்த பிரிஃபிக்ஸுக்கு அங்கே மதிப்பே இல்லை. சூடோவோடு அடித்திருந்தால் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்திருக்கும். பிறகு அந்தக் குறிப்பிட்ட பாதைக்கு மட்டும் தனி ஆப்ஷன் தேடிக் கொடுப்பேன்.

/ஆப்ட் வழிக்கு உழைப்பு அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. பாத்தில் சேர்க்க வேண்டும். பிகேஜி-கான்ஃபிக் பாதையைச் சொல்ல வேண்டும். லைப்ரரி கிடைக்கவில்லை என்று புரோகிராம் சொல்லும்போது லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத்தை (LD_LIBRARY_PATH) டெர்மினலின் தொடக்க ஃபைலான பாஷ்ஆர்சி-யில் எழுதிவிடத் தோன்றும், தயவுசெய்து எழுதாதீர்கள். அது நீங்கள் அந்த டெர்மினலிலிருந்து ஓட்டும் எல்லா புரோகிராமையும் பாதிக்கும், எனக்கு 20.04-இல் வந்த அதே தொல்லை வேறு வழியில் வந்து சேரும். லைப்ரரியோடு லிங்க் செய்யும்போதே ஆர்பாத் (புரோகிராமுக்குள் எழுதப்படும் லைப்ரரி பாதை) கொடுத்துவிட்டால் அந்த ஒரு புரோகிராம் மட்டும் தன் லைப்ரரியைத் தேடிக்கொள்ளும். டெபியன், உபுண்டுவில் மீசான் புராஜெக்ட் என்றால் லைப்ரரிகள் லிப் கீழே கணினி வகையின் பெயரில் இன்னொரு டைரக்டரிக்குள் போய்விடும். லிப்டைர் என்ற ஆப்ஷனில் வெறும் லிப் என்று கொடுத்துவிடுகிறேன்.

பாதுகாப்பான இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியை இப்படித் தனியாகப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சான்றிதழ் டைரக்டரியும் உங்கள் பிரிஃபிக்ஸுக்குள்ளேயே உருவாகும், ஆனால் காலியாக இருக்கும். அதோடு லிங்க் செய்த புரோகிராம் எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது. நான் அரை நாள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன். ஓபன்எஸ்எஸ்எல்டைர் என்று தனி ஆப்ஷன் இருக்கிறது, அதில் /ஈடிசி/எஸ்எஸ்எல் கொடுத்தால் சரியாகிவிடும்.

பிரிஃபிக்ஸ் என்பது ஃபைல் காப்பி ஆகும் இடம் மட்டும் இல்லை, புரோகிராமுக்குள்ளேயே எழுதப்படும் முகவரியும் கூட. ஓரிடத்தில் இன்ஸ்டால் செய்து, பிறகு டைரக்டரியை எம்வி போட்டு நகர்த்தினால் பல புரோகிராம்கள் தம் டேட்டா ஃபைலையே கண்டுபிடிக்காது. மேக் இன்ஸ்டாலுக்குக் கொடுக்கும் டெஸ்ட்டைர் (DESTDIR) வேறு: அது பேக்கேஜ் செய்கிறவர்கள் தற்காலிகமாக ஃபைல்களைச் சேகரிக்கும் இடம், உள்ளே எழுதப்படும் முகவரி மாறாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு உதவி கேட்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

க்னூ ஸ்டோ என்ற கருவியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். தனி டைரக்டரியில் இருப்பதை /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குச் சிம்லிங்காக (உண்மையான ஃபைலைச் சுட்டும் குறுக்குவழியாக) விரித்துத் தரும், ஒரே கட்டளையில் திரும்பச் சுருட்டியும் விடும். பாத்தைத் தொட வேண்டியதில்லை. புரோகிராம்களுக்கு அருமை. லைப்ரரிகளை விரிப்பதில்லை, விரித்தால் பழையபடி உபுண்டுவின் லைப்ரரியை அவை மறைத்துவிடும். உதவிப் பக்கங்கள் உள்ள இன்ஃபோ டைரக்டரியில் டிர் (dir) என்ற ஒரு ஃபைல் இரண்டு பேக்கேஜிலும் இருந்தால் ஸ்டோ நின்றுவிடும். அதை நீக்கிவிட்டால் போதும்.

எதை எப்படி கம்பைல் செய்தேன் என்பது கான்ஃபிக்.லாக் ஃபைலின் தொடக்கத்திலேயே இருக்கும். அதை அந்தந்த /ஆப்ட் டைரக்டரிக்குள் காப்பி செய்து வைக்கிறேன். சிமேக் என்றால் அன்இன்ஸ்டால் வசதி தானாக வராது, பில்ட் டைரக்டரியில் உள்ள இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட் ஃபைலில்தான் போட்ட ஃபைல்களின் பட்டியல் இருக்கும். அதையும் கூடவே வைக்கிறேன்.

இன்று என் /ஆப்ட் உள்ளே பதினோரு டைரக்டரிகள், ஒவ்வொன்றிலும் அதன் லாக். /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் உபுண்டுவே பைத்தானுக்காக வைத்திருக்கும் ஒரு டைரக்டரியைத் தவிர வேறு எதுவும் இல்லை.